அடித்தால் வருவது உண்மையா? விசாரணையும் சித்திரவதையும்

"அடி உதவிறமாதிரி அண்ணன் தம்பியும் உதவாங்கள்" என்பது நம் ஊர்ப் பழமொழி. பள்ளிக்கூடத்துப் பிரம்பையும் பொலிஸ் நிலையத்துப் பின்னறையையும் தாங்கி நிற்கிற நம்பிக்கை இதுதான். வாள்வெட்டுக் குழு ஒன்று இரவில் வீடு புகுந்தால், மறுநாள் சந்தியில் நிற்பவர்கள் "பிடிச்சு நாலு போட்டால் எல்லாத்தையும் கக்குவாங்கள்" என்கிறார்கள். 2023 நவம்பரில் களவுச் சந்தேகத்தில் வட்டுக்கோட்டைப் பொலிஸார் கைது செய்த இளைஞர் ஒருவர், தனக்கு நடந்ததைக் காணொளியில் சொல்லிவிட்டு உயிரிழந்தார். பொலிஸார் நால்வர் கைதானார்கள். யாழ்ப்பாணமே கொதித்தது. கொதித்தவர்களுக்குள்ளும் அந்தப் பழமொழியை நம்புகிறவர்கள் இருந்திருப்பார்கள். ஆகவே "அது கொடுமை" என்று சொல்லி நிறுத்தாமல், "அது பலன் தருமா?" என்ற கேள்வியையும் நேராக எடுத்துக்கொள்ள வேண்டும்.

எதற்குப் பலன் என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு சமூகத்தைப் பயமுறுத்தி வாயடைக்கச் சித்திரவதை நன்றாகவே உதவும். முகம் மூடி நின்று, தலையை ஆட்டி ஆளைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டிக்கு முன்னால் வரிசையில் நின்ற தலைமுறைக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. சாக்குத் துணிக்குள்ளே இருந்த அந்த மனிதரும் பெரும்பாலும் அதற்கு முன் அடிபட்டவர். அவர் தலை ஆடியது உண்மைக்காகவா, தன் அடி நிற்பதற்காகவா என்பது வரிசையில் நின்றவருக்கும் தெரியாது, அருகில் நின்ற அதிகாரிக்கும் தெரியாது. ஒப்புதல் வாக்குமூலம் வாங்கவும் சித்திரவதை உதவும். ஏறக்குறைய எவரிடமிருந்தும் வாங்கலாம். மூன்றாவது தேவை உண்மையான தகவல். சித்திரவதையை நியாயப்படுத்துகிறவர்கள் இதைத்தான் காட்டுகிறார்கள். அது வழுக்குவதும் இந்த இடத்தில்தான்.

பொய் ஒப்புதல் எப்படிக் கட்டப்படுகிறது?

கோப்பாயில் ஒரு வீட்டில் 12 பவுண் நகை களவு போனது என்று வைத்துக்கொள்வோம். பின்கதவு அலவாங்கால் நெம்பப்பட்டிருக்கிறது. அலுமாரிப் பூட்டு உடைந்திருக்கிறது. வீட்டுக்காரர் திருவிழாவுக்குப் போயிருந்தார். விசாரிக்கும் அதிகாரிக்கு இவை தெரியும். பிடிபட்ட பொடியனுக்கு எதுவும் தெரியாது. "பின்கதவாலதானே போனனீ?" என்று கேட்டு அடி விழுகிறது. இப்போது அவனுக்குப் பின்கதவு தெரியும். "அலவாங்கை எங்கை எறிஞ்சனீ?" இப்போது அலவாங்கும் தெரியும். தவறான பதிலுக்கு அடி தொடர்கிறது, அதிகாரி மனதிலுள்ள பதில் வந்ததும் நிற்கிறது. பொடியனின் மூளை தேடுவது நடந்ததை அல்ல, எதைச் சொன்னால் நிற்கும் என்பதை. ஒரு மணி நேரத்தில் கதவு, அலவாங்கு, அலுமாரி, திருவிழா எல்லாம் அவன் வாயாலேயே வந்துவிடும். "களவெடுத்தவனுக்கு மட்டுமே தெரிந்த விபரங்களைச் சொல்லியிருக்கிறான்" என்று அதிகாரி எழுதுவார். அவர் பொய் எழுதவில்லை. தான்தான் ஊட்டினேன் என்பது அவருக்கே நினைவில் இல்லை.

அடி ஒருவருக்குள் கிடக்கும் உண்மையை வெளியே எடுப்பதில்லை. அடிப்பவர் ஏற்கெனவே நம்பியதை அவருக்கே திருப்பிக் கொடுக்கிறது. சந்தேகம் சரியாக இருந்தால் சரியான பதில் வரும், பிழையாக இருந்தால் பிழையான பதில் அதே உறுதியோடு வரும். இரண்டையும் வேறுபடுத்தும் அடையாளம் எதுவும் அந்த அறைக்குள் இல்லை.

அடி இல்லாத, நெருக்கடி மட்டுமே உள்ள விசாரணைகளிலும் இந்த ஊட்டல் நடக்கிறது. அமெரிக்காவில் பொய் ஒப்புதல் கொடுத்து, பின்னர் மரபணுச் சோதனையால் நிரபராதிகள் எனத் தெரியவந்த 40 பேரின் வழக்குகளைச் சட்டப் பேராசிரியர் பிரண்டன் காரெட் ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார். இரண்டைத் தவிர, பதிவுகள் கிடைத்த மற்ற எல்லா வழக்குகளிலும், வெளியாருக்குத் தெரிந்திருக்க முடியாத குற்ற விபரங்கள் ஒப்புதலில் இருந்தன. அத்தனை பேரும் குற்றமற்றவர்கள். அந்த விபரங்கள் வேறெங்கிருந்து வந்திருக்கும்?

வலியும் நித்திரையும் நினைவும்

உண்மையைத் தெரிந்தவரையே பிடித்திருந்தாலும் அவர் மூளையிலிருந்து அதை எடுக்க நினைவு வேலை செய்ய வேண்டும். கடும் பயமும் நித்திரையின்மையும் முதலில் தாக்குவது அந்த நினைவைத்தான். அமெரிக்க இராணுவத்தினர் எதிரியிடம் பிடிபட்டால் தாங்குவதற்கான பயிற்சியில் 500க்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வொன்று 2004இல் வெளியானது. பயிற்சி விசாரணை முடிந்து ஒரு நாளின் பின், தங்களை நேருக்கு நேர் விசாரித்தவரை அணிவகுப்பில் அடையாளம் காட்டச் சொன்னார்கள். மென்மையாக விசாரிக்கப்பட்டவர்களில் 62 வீதமானோர் சரியாகக் காட்டினார்கள். கடும் நெருக்கடிக்கு உள்ளானவர்களில் 30 வீதமானோரே காட்டினார்கள். அரை மணி நேரத்துக்கு மேல் தங்கள் முகத்துக்கு முன்னால் நின்று கத்தியவரையே அவர்களில் பலரால் அடையாளம் காட்ட முடியவில்லை. இவர்கள் பயிற்றப்பட்ட படையினர், தாங்கள் கொல்லப்படமாட்டோம் என்று தெரிந்தவர்கள்.

நித்திரை பற்றிய ஆய்வு 2016இல் வந்தது. ஒரு கணினி வேலையின்போது குறித்த ஒரு விசையை அழுத்தக்கூடாது என்று 88 பேருக்குச் சொல்லப்பட்டது. பின்னர், அவர்கள் செய்யாத அந்தத் தவறைச் செய்ததாக ஒப்புக்கொண்டு கையெழுத்திடக் கேட்டார்கள். இரவு நித்திரை கொண்டவர்களில் 18 வீதமானோர் முதல் தடவை கேட்டபோதே கையெழுத்திட்டார்கள். ஓரிரவு நித்திரை இல்லாதவர்களில் 50 வீதமானோர் இட்டார்கள். ஒரே ஓரிரவுதான். எவரும் அவர்களைத் தொடக்கூட இல்லை.

உலகின் மிக வசதியான புலனாய்வு அமைப்பும் இதையே மறுபடி நிரூபித்தது. சி.ஐ.ஏ.யின் இரகசியத் தடுப்பு முகாம்கள் பற்றிய அமெரிக்க செனட் குழுவின் அறிக்கைச் சுருக்கம் 2014 டிசம்பரில் வெளியானது. அந்தத் திட்டத்தில் 119 பேர் தடுத்து வைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் குறைந்தது 26 பேரைப் பிடித்தது அந்த அமைப்பின் சொந்த விதிப்படியே தவறு. 2001 செப்டெம்பர் 11 தாக்குதல்களின் சூத்திரதாரி எனக் குற்றஞ்சாட்டப்பட்ட காலித் ஷேக் முகம்மதுவுக்கு நீரால் மூச்சடைக்கும் முறை 183 தடவை பிரயோகிக்கப்பட்டது. அந்த முறை பலன் தரும் என்றால் 183ஆவது தடவை ஏன் தேவைப்பட்டது? இன்னொரு கைதியான இப்னு அல்ஷேக் அல்லிபி, எகிப்துக்குக் கையளிக்கப்பட்டு வதைக்கப்பட்டபோது, ஈராக் அரசு அல்கைதாவுக்கு இரசாயன, உயிரியல் ஆயுதப் பயிற்சி கொடுத்ததாகச் சொன்னார். கேட்டவர்கள் கேட்க விரும்பிய பதில் அதுதான். 2003 பெப்ரவரி 5 அன்று அமெரிக்க வெளியுறவுச் செயலாளர் கொலின் பவல் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் அதை எடுத்துரைத்தார். அடுத்த மாதம் போர் தொடங்கியது. 2004இல் அல்லிபி அந்தக் கூற்றை மறுத்தார்.

கிட்டியிலிருந்து 16ஆம் பிரிவுவரை

இதை முதலில் புரிந்துகொண்டவர்கள் சட்டம் எழுதியவர்கள். 1855இல் மதராஸ் மாகாணத்தில் சித்திரவதை பற்றி ஆராய்ந்த ஆணைக்குழு, வரி வாங்கவும் ஒப்புதல் வாங்கவும் கீழ்நிலை அலுவலர்கள் கையாண்ட முறைகளைப் பதிவு செய்தது. விரல்களை மரக்கட்டைகளுக்கிடையில் நசுக்கும் கிட்டி, உடலை வளைத்துக் கட்டிவைக்கும் அண்ணாந்தாள் என்ற தமிழ்ச் சொற்கள் அந்த ஆங்கில அறிக்கையிலேயே இருக்கின்றன. பொலிஸாரிடம் கொடுத்த ஒப்புதல் நீதிமன்றில் செல்லாது என்ற விதி இந்தியச் சட்டத்தில் அந்தக் காலத்தில்தான் வேரூன்றியது. 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டம் வழியாக அது 1895ஆம் ஆண்டின் இலங்கைச் சாட்சியக் கட்டளைச் சட்டத்துக்கு வந்தது. அதன் 24ஆம் பிரிவு மிரட்டியோ ஆசைகாட்டியோ பெற்ற ஒப்புதலைத் தள்ளுகிறது. 25ஆம் பிரிவு பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலைத் தள்ளுகிறது. 26ஆம் பிரிவின்படி, காவலில் இருப்பவரின் ஒப்புதல் நீதவானின் முன்னிலையில் கொடுத்தால் மட்டுமே செல்லும்.

அடிப்பதால் ஒப்புதல் கிடைக்கும், ஆனால் அந்த ஒப்புதல் ஒன்றுக்கும் உதவாது என்றால் அடிக்கும் காரணம் குறையும். விதியின் நோக்கம் அதுதான். அதில் இரண்டு ஓட்டைகள் உள்ளன.

ஒன்று, அதே கட்டளைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு. சந்தேகநபர் சொன்ன தகவலின் விளைவாக ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு தொடர்பான பகுதியை மட்டும் நிரூபிக்கலாம். களவு வழக்குகளில் அடி விழுவதன் இரகசியம் இங்கேதான் இருக்கிறது. ஒப்புதல் தேவையில்லை, "பொருள் எங்கே?" என்பதற்குப் பதில் கிடைத்தால் போதும். சில வேளை அடியால் நகை அகப்படுவதும் உண்டு. அதை மறுக்கத் தேவையில்லை. உடனே போய்ச் சரிபார்க்கக்கூடிய ஒற்றைக் கேள்விக்கு, சரியான ஆளே கையில் இருந்தால், வலி பதில் தரலாம். ஆனால் அந்த ஒருவரைக் கண்டுபிடிக்குமுன் அடிபட்ட மற்றவர்களை எவரும் கணக்கில் எழுதுவதில்லை. கிடைத்த நகை தகவல் புத்தகத்தில் பதிவாகிறது. கிடைக்காத நாட்களில் நடந்தது எங்கும் பதிவாவதில்லை. "அடித்தால் பலன் உண்டு" என்ற அனுபவ அறிவு இப்படி ஒருபக்கக் கணக்கிலிருந்து பிறந்தது.

மற்றது பெரிய ஓட்டை. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலை 16ஆம் பிரிவால் செல்லுபடியாக்கியது. அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்று நிரூபிக்கும் பொறுப்பையும் குற்றஞ்சாட்டப்பட்டவர் தலையிலேயே வைத்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் தடுப்புக் காவலின் உச்சத்தை 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைத்தது. 16ஆம் பிரிவைத் தொடவில்லை.

இந்தப் பிரிவு என்ன செய்தது என்பதற்குச் சிங்கராசா வழக்கு ஒன்று போதும். மட்டக்களப்பு மாவட்டத்தில் 1993 யூலையில் கைதான தமிழ் இளைஞர் அவர். யாழ்ப்பாணக் கோட்டை, பலாலி, காங்கேசன்துறை, ஆனையிறவு முகாம்கள் மீதான தாக்குதல்கள் அவர் மீதான குற்றச்சாட்டுகளுள் இருந்தன. அவர் சொன்னதை ஒரு பொலிஸ்காரர் மொழிபெயர்த்தார். வாக்குமூலம் சிங்களத்தில் பதிவானது. அந்த மொழியை வாசிக்கத் தெரியாதவரின் கைநாட்டு அதில் வைக்கப்பட்டது. உடலில் காயத் தழும்புகள் இருந்ததை மருத்துவச் சாட்சியம் காட்டியது. ஆனாலும் நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது என்பதால் வாக்குமூலம் ஏற்கப்பட்டது. 1995இல் 50 ஆண்டுச் சிறைத் தண்டனை, மேன்முறையீட்டில் 35 ஆண்டாகக் குறைந்தது. வேறு சாட்சியம் கிடையாது. 2004இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு, நியாயமான விசாரணைக்கான அவரது உரிமை மீறப்பட்டதாகக் கண்டது. அதை வைத்து மீளாய்வு கேட்டபோது, 2006இல் உயர் நீதிமன்றம் மறுத்தது.

இங்கே ஒரு படி கூடுதலாக இருக்கிறது. அடிபட்டவர் சொன்னது ஒன்று, மொழிபெயர்த்தவர் சொன்னது ஒன்று, தட்டச்சானது ஒன்று. அடியின் பலன் பற்றிப் பேசுகிற எவரும் இந்த மூன்றில் எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டுப்பார்க்க வேண்டும்.

வெடிக்கப் போகும் குண்டு

"குண்டு வைத்தவன் கையில் இருக்கிறான், ஒரு மணி நேரத்தில் வெடிக்கும், அப்போதுமா?" என்று கேட்பார்கள். இந்தக் கற்பனைக்குள் பல நிச்சயங்கள் சத்தமில்லாமல் புகுந்துவிடுகின்றன. குண்டு இருப்பது நிச்சயம், பிடிபட்டவர் சரியான ஆள் என்பது நிச்சயம், அவருக்கு இடம் தெரியும் என்பது நிச்சயம், வலித்தால் அவர் சொல்வார் என்பதும் நிச்சயம். உண்மையான விசாரணை எதிலும் இவை ஒன்றாக வருவதில்லை. பொய்யான முகவரி ஒன்றைச் சொல்லி அந்த ஒரு மணி நேரத்தைக் கடத்தவும் அவரால் முடியும்.

இதற்கு மிக நெருங்கி நடந்த நிகழ்வு ஜேர்மனியின் பிராங்க்பேர்ட்டில், 2002இல். 11 வயதுச் சிறுவன் ஒருவன் கடத்தப்பட்டான். பிடிபட்டவரே கடத்தியவர் என்பதில் சந்தேகமில்லை. சிறுவன் உயிரோடு இருக்கலாம் என்று நம்பிய பொலிஸ் உப தலைவர், கடும் வலி கொடுக்கப்படும் என்று மிரட்டச் சொன்னார். மிரட்டல் பலித்தது. கடத்தியவர் இடத்தைச் சொன்னார். அங்கே சிறுவனின் உடல்தான் இருந்தது. மிரட்டலுக்கு முன்னமே அவன் கொல்லப்பட்டிருந்தான். அந்த அதிகாரிமீது எனக்குக் கோபம் வருவதில்லை. ஆனாலும் ஜேர்மன் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது, தண்டனையை மிக இலேசாக வைத்தது. 2010இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் பேராயம், அந்த மிரட்டலும் தடைசெய்யப்பட்ட மனிதாபிமானமற்ற நடத்தையே என்றது. ஒருவரின் நோக்கத்தைப் புரிந்துகொண்டு தண்டனையைக் குறைப்பது வேறு, விதியில் கதவு வைப்பது வேறு. கதவு வைத்தால் அதற்கு ஓர் அறை வேண்டும், பயிற்சி பெற்ற ஆள் வேண்டும், உயிர் போகாமல் பார்க்க ஒரு வைத்தியர் வேண்டும், எழுத ஒரு எழுதுவினைஞர் வேண்டும். அந்த ஏற்பாடு ஒரே ஒரு குண்டுக்காகக் காத்திருப்பதில்லை. நம் மண்ணில் அரச படைகளும், இந்தியப் படையும், நமக்காகப் போராடுவதாகச் சொன்ன இயக்கங்களும் அந்த அறைகளை வைத்திருந்தன. எல்லோரிடமும் ஒரு குண்டுக் கதை இருந்தது.

பலன் இல்லை என்பதால் மட்டும் இதை எதிர்ப்பது போதாது. நாளைக்கு யாரும் பலன் தரும் முறை ஒன்றைக் கண்டுபிடித்தால் என்ன செய்வது? கட்டப்பட்டவர் திருப்பி அடிக்க முடியாது, ஓட முடியாது, சரணடையவும் முடியாது. போரில்கூடச் சரணடைந்தவனை அடிக்கக்கூடாது என்ற விதி உண்டு. சித்திரவதை தொடங்குவதே சரணடைந்த பிறகுதான். சித்திரவதையைத் தடைசெய்யும் இலங்கை அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை எந்த விதிவிலக்கும் வைக்கவில்லை. அவசரகாலத்திலும் மட்டுப்படுத்த முடியாத உரிமை அது. மாற்றுவதானால் மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும். 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி சித்திரவதைக்குக் குறைந்தது 7 ஆண்டு, கூடியது 10 ஆண்டுச் சிறை. மேலதிகாரி சொன்னார், போர்க்காலம் என்பவை எதிர்வாதம் ஆகா.

அடியில்லாமல் எப்படி விசாரிப்பது?

இங்கிலாந்தில் தொடர்ச்சியான தவறான தண்டனைகளுக்குப் பிறகு 1990களின் தொடக்கத்தில் பொலிஸ் பயிற்சி மாற்றப்பட்டது. நோர்வே அதைப் பின்பற்றியது. 2021இல் வெளியான, வற்புறுத்தல் இல்லாத விசாரணைக்கான மெண்டெஸ் கோட்பாடுகள் அதை உலக அளவுக்குக் கொண்டுபோயின. முதல் வேலை அறைக்கு வெளியே நடக்கிறது. கமரா பதிவு, தொலைபேசி அழைப்பு விபரம், விரல் அடையாளம் ஆகியவற்றைச் சேர்த்து, குற்றத்துக்கு எத்தனை விளக்கங்கள் சாத்தியம் என்று எழுதிக்கொள்ள வேண்டும். ஒரே விளக்கத்தோடு உள்ளே போகிறவர் அந்த விளக்கத்தோடுதான் வெளியே வருவார். உள்ளே போனதும் உரிமைகளைச் சொல்லி, ஒலி, ஒளிப்பதிவைத் தொடங்கி, "அன்று பின்னேரத்திலிருந்து நடந்ததை உங்கள் பாட்டில் சொல்லுங்கள்" என்று விட்டுவிட வேண்டும். குறுக்கிடக் கூடாது. மௌனம் வந்தால் அதை நிரப்பக் கூடாது.

கையிலுள்ள சாட்சியத்தை முதலில் காட்டாமல் வைத்திருப்பது இந்த முறையின் உயிர். கோப்பாய் உதாரணத்தில், பின்கதவைப் பற்றியோ அலவாங்கைப் பற்றியோ அதிகாரி வாய் திறக்கமாட்டார். சந்தியில் உள்ள கடையின் கமராவில் சந்தேகநபரின் மோட்டார்சைக்கிள் 8 மணிக்குத் தெரிகிறது என்றால், முதலில் அவர் அன்றிரவு எங்கே நின்றார் என்று விரிவாகக் கேட்பார், பிறகு மோட்டார்சைக்கிளை யாரிடமும் இரவல் கொடுத்தாரா என்று கேட்பார், கமராவைக் கடைசியில் காட்டுவார். பொய் சொன்னவர் தன் பொய்யோடு முரண்படுவார். உண்மை சொன்னவருக்கு, தம்பிதான் கொண்டுபோனான் என்று சொல்ல இடம் இருக்கும். இதற்கு நேரம் வேண்டும், பயிற்சி வேண்டும், சந்தேகநபரின் மொழி தெரிந்த அதிகாரி வேண்டும். வடக்கில் கடைசித் தேவை இன்றும் தீரவில்லை.

அடி விழுந்துவிட்டால்

உறவினர் முதலில் நினைவில் வைக்க வேண்டியது நாட்கள். கண்டல் காயம் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் மறைந்துவிடும். நீதவான் முன் நிறுத்தும்போது, வழக்கறிஞர் மூலமோ தன் வாயாலோ, அடித்தார்கள் என்று திறந்த மன்றில் சொல்லி, சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டும்படி கேட்க வேண்டும். சிங்கராசாவுக்கு எதிராகப் பாவிக்கப்பட்ட வாதங்களில் ஒன்று, அவர் முன்பே முறையிடவில்லை என்பது. பொலிஸாரை அறைக்கு வெளியே நிற்கவைக்கும்படி வைத்தியரிடம் கேட்க உரிமை உண்டு. தடியடியின் தடம் இரண்டு இணைகோடுகளாக, நடுவில் வெளிறித் தெரியும். உள்ளங்காலில் அடித்திருந்தால் வெளியே ஒன்றும் தெரியாமல் நடக்கும்போது மட்டும் வலிக்கலாம். கைகளைப் பின்னால் கட்டித் தொங்கவிட்டிருந்தால் தோளில் உணர்வு குறையும், கையை உயர்த்த முடியாது. இவற்றை வைத்தியர் கேட்காவிட்டாலும் நோயாளி சொல்ல வேண்டும். சித்திரவதையை ஆவணப்படுத்துவதற்கான ஐ.நா. வழிகாட்டியான இஸ்தான்புல் நெறிமுறைப்படி வைத்தியர், சொன்ன சம்பவத்தோடு காயம் எவ்வளவு பொருந்துகிறது என்று "பொருந்தாது" முதல் "இதைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது" வரை படிநிலையில் எழுதுவார். காயம் இல்லை என்பது சித்திரவதை நடக்கவில்லை என்பதற்குச் சான்றாகாது என்றும் அதே நெறிமுறை சொல்கிறது.

அடிப்படை உரிமை மீறல் மனுவை அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றில் தாக்கல் செய்ய வேண்டும். அந்த நீதிமன்றம் கொழும்பு புதுக்கடையில், யாழ்ப்பாணத்திலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. கைதானவர் இன்னும் மறியலில் இருந்தால் அந்த ஒரு மாதம் மிக விரைவில் ஓடிவிடும். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ். பிராந்திய அலுவலகத்தில் எழுத்தில் முறையிட்டால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, ஆணைக்குழுவின் விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த மாதத்தில் சேராது. முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வாங்க வேண்டும். விசாரணை நடந்துகொண்டிருப்பதைக் காட்டும் கடிதங்களையும் பத்திரப்படுத்த வேண்டும். அந்தக் கடிதங்கள் கையில் இல்லாவிட்டால், மனு காலம் கடந்தது என்ற ஆட்சேபனைக்குப் பதில் சொல்வது கடினம்.